சந்தனம் பட்ட விளக்கு

ஜெயமலருக்குக் கண்ணாடியை வெறுங்கையால் தொட வராது. கல்யாண வீட்டில் தண்ணீர்க் கிளாஸைக் கொடுத்தால் கடதாசித் துண்டைச் சுற்றித்தான் பிடிப்பாள். யாராவது கார்க் கண்ணாடியில் விரலை ஊன்றிக்கொண்டு கதைத்தால் அவளுடைய கண் அந்த விரலிலேயே நிற்கும். "உவவுக்குக் கொஞ்சம் லெவல் கூடிப்போச்சு" என்று சொந்தக்காரர்கள் பின்னால் பேசிக்கொள்வார்கள். லெவலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பல வருடங்கள் யூவி விளக்குகளோடு மல்லுக்கட்டிய கைக்கு வந்த பழக்கம் அது.

மில்லிக்கன் பக்கம், ஸ்டீல்ஸ் வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாக நிற்கும் தகரக் கட்டடங்களில் ஒன்றில்தான் அவளுக்கு வேலை. போத்தல்களிலும் டப்பாக்களிலும் ஒட்டும் லேபிள் அச்சடிக்கிற இடம். லேபிள் சுருள் மெஷினுக்குள் ஓடும்போதே மை காய வேண்டும். வெயிலில் போட்டா காயவைப்பது? அதற்குத்தான் யூவி என்கிற புற ஊதா விளக்கு. ஒரு கை நீளத்துக்கு ஒரு குழாய், வெப்பம் தாங்குகிற குவாட்ஸ் கண்ணாடியில் செய்தது. அதன் ஒளி பட்ட கணத்தில் ஈர மை இறுகிவிடும். ஆனால் அந்தக் கண்ணாடி மகா ரோசக்காரி. மனிதர் விரல் பட்டால் விரலின் எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும். விளக்கைக் கொளுத்தியதும் அந்த எண்ணெய் கண்ணாடிக்குள்ளேயே வெந்து, நாளடைவில் பால்போல வெளுத்த திட்டாகிவிடும். அந்த இடத்தால் ஒளி சரியாக வராது. ஒளி வராத இடத்தில் மை காயாது. பிறகு அழுதும் பயனில்லை, அல்கஹோல் போட்டுத் தேய்த்தும் பயனில்லை.

இதையெல்லாம் அவள் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. தொண்ணூறுகளில் புருஷன் சண்முகலிங்கத்தோடு இந்தக் குளிர் நாட்டுக்கு அகதியாக வந்திறங்கி, தையல், பேக்கரி, ஹோட்டல் துப்புரவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இங்கே பெட்டி ஒட்டுகிறவளாகச் சேர்ந்தாள். மகள் நிலாணி சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது சண்முகலிங்கம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு வீட்டில் உழைப்பது அவள் ஒருத்திதான். மெஷின் நின்றால் பெட்டி ஒட்டுகிறவர்களை "நாளைக்கு வாருங்கள்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மெஷின் நிற்பதோ அடிக்கடி இந்த விளக்கால்தான். வெளியிலிருந்து ஒரு திருத்துகிற ஆள் ஆடி அசைந்து வருவார், எதையோ துடைப்பார், எதையோ இறுக்குவார், போய்விடுவார். ஒருநாள் ஜெயமலர் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். பிறகு ஒவ்வொரு முறையும் நின்றாள். ஆசையால் வந்த படிப்பு இல்லை, வயிற்றுக்காக வந்த படிப்பு.

அப்போதிருந்த முதலாளி கிழவர் கஞ்சன், ஆனால் குருடர் இல்லை. திருத்துகிற ஆளைக் கூப்பிடாமலே மெஷின் ஓடுகிறதைக் கண்டதும் அவளைப் பராமரிப்பு வேலைக்கு மாற்றினார். நீல மேலங்கி கொடுத்தார். பூட்டுப் போட்ட ஓர் அலுமாரியும் கொடுத்தார். அதற்குள் வெள்ளைக் கையுறைகள், அல்கஹோல் துணிகள், புது விளக்குகள். அந்தப் பூட்டின் திறப்பை அவள் முன்பு தாலி கிடந்த சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அந்த வேலையில் கர்வம் இருந்தது. விளக்குப் பற்றவில்லை என்று யாராவது ஓடிவந்தால், "கதவைச் சரியா மூடினனியளோ?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்பாள். பாதிப் பிழை அங்கேதான் இருக்கும். கதவு ஒரு மயிரிழை திறந்திருந்தாலும் விளக்குப் பற்றாது, ஆளின் கண்ணைக் காப்பாற்ற அப்படி ஓர் ஏற்பாடு. கதவு சரியென்றால் காற்றைப் பார்ப்பாள். குளிர்விக்கிற காற்று கூடினால் விளக்கு அணையும், குறைந்தால் வெக்கையில் வளையும். அதுவும் சரியென்றால் இரண்டு நுனியிலும் வயர்ப் பொருத்து. "மனிசரைவிட லாம்பு நல்லது. தனக்கு என்ன வருத்தமெண்டு வாய்விட்டுச் சொல்லாது, ஆனா மறைக்காது" என்பாள்.

பிறகு கிழவர் தொழிலை விற்றார். வாங்கியவன் வெங்கட். கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் என்று இறங்கியவன். வந்த முதல் நாளே, "அக்கா, நீங்க இல்லாம இந்த மெஷின் ஓடாதுன்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் பாத்துக்கணும்" என்றான். ஜெயமலர் உருகிப்போனாள். இந்த நாட்டில் அவளுக்கு வாய்த்த முதல் தமிழ் முதலாளி. இனி மனதுக்குள் இங்கிலீசாக்கிக் கதைக்கத் தேவையில்லை. "தம்பி" என்று கூப்பிடலாம். எங்கட பிள்ளை, எங்கட பிள்ளை என்று நிலாணியிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுப்பு வரச் செய்தாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது அவளுக்கே தன்மேல் எரிச்சல் வருகிறது.

ஒக்டோபரில் ஆயுத பூசை வந்தது. ஜெயமலருடைய பக்கத்தில் வாணி விழா என்று புத்தகம் வைத்துக் கும்பிடுவார்கள். மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் படைப்பது வெங்கட் ஊர் வழக்கம். அந்த வருடம் அவனுடைய தாய் அம்புஜமும் ஊரிலிருந்து வந்திருந்தார். பட்டுச்சேலைக்கு மேலே குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், மெஷினின் முன்னால் நின்று, "இதுக்கு உசிர் எங்கடா இருக்கு?" என்று மகனிடம் கேட்டார்.

"அக்கா, அம்மாவுக்கு லேம்பைக் காட்டுங்க" என்றான் வெங்கட்.

ஜெயமலருக்குத் தலைகால் புரியவில்லை. மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு, விளக்கு இருக்கிற இழுப்பறையை வெளியே இழுத்தாள். அன்று காலையில்தான் புது விளக்கு மாட்டியிருந்தாள். ஒரு தூசு இல்லாமல் பளிச்சென்று கிடந்தது. "இதுதான் அம்மா உயிர்" என்றாள். அம்புஜம் விளக்கைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரும்மா?"

"அவர் மோசம் போயிட்டார், அம்மா. கனகாலம்."

"அடடா." அம்புஜத்தின் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதுதான் கொடுமை. "அப்ப நீ கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னுக்கோம்மா. ஆரத்தி எடுத்துரட்டும்."

தள்ளி நிற்பது ஜெயமலருக்குப் புதிதில்லை. சொந்தத் தங்கையின் மகள் கல்யாணத்திலேயே மணவறைக்குப் பின்னால்தான் நின்றாள், அதுவும் யாரும் சொல்லாமல் தானாகவே. இங்கேயும் கையுறையைக் கழற்றாமல் நகர்ந்து, பெட்டிகள் அடுக்கியிருந்த சுவரோரம் போய் நின்றாள். இழுப்பறை திறந்தபடியே கிடந்தது. வெங்கட் மெஷினின் உடம்பில் அங்கங்கே பொட்டு வைத்துக்கொண்டு வந்தான். பொத்தான் பலகைக்கு ஒன்று, உருளைக்கு ஒன்று. பிறகு குனிந்தான். சந்தனம் தோய்ந்த விரல் விளக்கின் பக்கம் போனது.

அவளுக்குத் தெரிந்தது. யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்தது. தொண்டைக்குள் "தொடாதேங்கோ தம்பி" என்ற சொல் வந்து நின்றது. நல்ல காரியம் நடக்கிற நேரத்தில், தள்ளி நில் என்று ஒதுக்கப்பட்ட ஒரு விதவை, அதுவும் சாமிக்கு வைக்கிற சந்தனத்தைப் பார்த்து, வேண்டாம் என்று கத்துவதா? அந்தத் தாய் என்ன நினைப்பார்? நாளைக்குத் தொழிலில் ஏதாவது ஒன்று நடந்தால் அந்த அபசகுனத்தை யார் தலையில் கட்டுவார்கள்? கண்ணாடியின் நடுவில் விரல் அழுந்தியது. சந்தனம், அதற்கு மேலே குங்குமம். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு ஜெயமலர் நின்றாள்.

பூசை முடிந்ததும் ஓடிப்போய்த் துடைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். வெங்கட் விடவில்லை. நல்ல நேரம் போய்விடும் என்று இழுப்பறையைத் தானே தள்ளி மூடி, தானே பொத்தானை அழுத்தினான். விளக்குப் பற்றியது. எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயமலரும் தட்டினாள்.

அன்று பின்னேரம் ரூஜில் இருக்கிற வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மகளிடம் சொன்னாள். நிலாணி ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, யூ ஆர் த டெக்னிஷியன். டோன்ட் டச் எண்டு ஜஸ்ட் சொல்லியிருக்கலாமே?"

"உனக்கு உது விளங்காது."

"இல்லை, எனக்கு விளங்கேல்லைத்தான்" என்று சொல்லிவிட்டு நிலாணி மறுபடி ஃபோனுக்குள் போய்விட்டாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஜெயமலருக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

அடுத்த நாள் விளக்கை வெளியே எடுத்துப் பார்த்தாள். சந்தனம் கருகி உதிர்ந்திருந்தது. அது இருந்த இடத்தில் மெல்லிய புகைபோல ஒரு நிழல். துடைத்தாள், போகவில்லை. விளக்கை மாற்றுவோமா என்று வெங்கட்டைக் கேட்டாள். "நேத்துதானே அக்கா புதுசு மாட்டினீங்க? நல்லாத்தானே எரியுது?" என்றான். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பூசை வைத்த விளக்கைப் பூசையால் கெட்டது என்று எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டு நிற்கும்போதே அவனுக்கு ஃபோன் வந்து, கதைத்துக்கொண்டே போய்விட்டான்.

நத்தார்ப் பண்டிகை நெருங்கும்போது லேபிள்கள் திரும்பி வந்தன. குழந்தைகளுக்குப் பழக்கூழ் செய்கிற ஒரு கம்பனிக்கு அடித்த லேபிள். அதில் ஒரு வரி மட்டும் விரல் பட்டால் அழிகிறது. அந்த வரி எது? கச்சான் கடலை, பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான எச்சரிக்கை. போத்தல்கள் கடைக்குப் போகும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், அந்த அளவில் புண்ணியம்.

ஜெயமலர் கையுறையைப் போட்டுக்கொண்டு மெஷினுக்கு முன்னால் குந்தினாள். எங்கே பிழை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வேறெங்கும் தேடினாள். மை பழசோ என்று பார்த்தாள், புது மை. வேகம் கூடிவிட்டதோ என்று குறைத்து ஓடவிட்டாள், அதே வரி அழிந்தது. விளக்குக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்புகிற தகட்டைத் துடைத்தாள். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினாள். வயர் நுனிகளை இறுக்கினாள். கடவுளே, இதில் ஏதாவது ஒன்றாக இருக்கக்கூடாதா என்று ஒவ்வொன்றாகக் கெஞ்சிக்கொண்டு போனாள். கடைசியில் இழுப்பறையை இழுத்தாள். விளக்கின் நடுவில் பால்போல வெளுத்த திட்டு. அந்த இடத்தில் கண்ணாடி கொஞ்சம் ஊதியும் இருந்தது. வட்டமாக, ஒரு ஆண்பிள்ளையின் விரல் அகலத்துக்கு.

அவள் அதைக் கொண்டுபோய் வெங்கட்டின் மேசையில் வைத்தாள். "தம்பி, பூசையண்டைக்கு நீங்கள் சந்தனம் வைச்ச இடம் இது. மை காயாத வரி இதுக்கு நேர கீழதான் ஓடுது."

வெங்கட் முட்டாள் இல்லை. உடனே விளங்கியது. முகம் சுருங்கியது. "நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றான். பிறகு எழும்பிக் கதவைச் சாத்தினான்.

"அக்கா, அந்தக் கம்பெனி குவாலிட்டி மேடம் நாளைக்கு வராங்க. சந்தனம், குங்குமம், பூஜைன்னா அவங்களுக்குப் புரியாது. உணவு லேபிள் அடிக்கிற இடத்துல எதையோ பூசுறாங்கன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் நம்மாளுங்க யாருக்குமே வேலை குடுக்க யோசிப்பாங்க. பராமரிப்பு பண்றப்ப கை தெரியாம பட்டுருச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சிரும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?"

நம்மாளுங்க. அந்தச் சொல்தான் அவளை விழுத்தியது. வெள்ளைக்காரி ஒருத்தி எங்கட சாமியைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று அவளுக்கும் இருந்தது. அதோடு, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றது தானே என்ற குற்றமும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. "ஓம் தம்பி, சொல்லுறன்" என்றாள்.

சொன்னாள். அந்த மேடம் மரியாதையான மனுசி, சத்தம் போடவில்லை. வெளுத்த திட்டைப் பார்த்துவிட்டு, "கையுறை இல்லாமல் தொட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வாழ்நாளில் ஒரு விளக்கையும் கையுறை இல்லாமல் தொடாத ஜெயமலர், "யெஸ்" என்றாள். வெங்கட் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் போகும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். எங்களுடைய லேபிள் ஓடுகிற மெஷினில் இனிமேல் இந்தப் பெண்ணின் கை படக்கூடாது.

அவர்களுடைய லேபிள் ஓடாத மெஷின் என்று அங்கே ஒன்றுமில்லை.

"கொஞ்ச மாசம்தான் அக்கா, சூடு ஆறட்டும்" என்று வெங்கட் சொன்னான். கண்கூடக் கலங்கியது அவனுக்கு. கலங்கின கண்ணோடு அலுமாரித் திறப்பைக் கேட்டான். ஜெயமலர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் திறப்பை உருவினாள். வந்த காலத்தில் எங்கே நின்றாளோ அங்கேயே, பெட்டி ஒட்டுகிற மேசையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவளுடைய இடத்துக்கு ஸ்டெபனி என்றொரு பெண் வந்தாள். வேறொரு அச்சகத்தில் இதே வேலை செய்தவள், நல்ல சுபாவம், வேலையும் தெரிந்தவள். வெறுக்கலாம் என்று பார்த்தால் வெறுக்க ஒரு காரணமும் தரமாட்டேன் என்கிறாள். இங்கே அச்சிடுகிற ஆட்கள், விளக்கைத் தொட்டுக் கெடுத்த பெண் இவள்தான் என்று ஸ்டெபனிக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் அதையும் ஒருநாளும் வாயில் எடுக்கவில்லை.

சூடு ஆறியது. குளிர் போய்க் கோடை வந்தது, கோடையும் போனது. வெங்கட் புதுக் கார் வாங்கி றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தான். கொஞ்ச மாசத்தைப் பற்றி அவன் பிறகு வாய் திறக்கவில்லை. ஜெயமலரும் கேட்கவில்லை. வேறு இடத்தில் வேலை தேடலாம்தான். ஏன் அங்கிருந்து விலகினாய் என்று கேட்டால் எதைச் சொல்வது? விளக்கைத் தொட்டுக் கெடுத்தேன் என்றா?

மறுபடி ஒக்டோபர். மறுபடி ஆயுத பூசை. அம்புஜம் இந்த முறையும் வந்திருந்தார். ஜெயமலரை யாரும் தள்ளி நிற்கச் சொல்லத் தேவையில்லை, அவளுடைய மேசையே சுவரோரம்தான். டேப் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். ஸ்டெபனி இழுப்பறையைத் திறந்து காட்டினாள். பொத்தான் பலகைக்கு ஒன்று, உருளைக்கு ஒன்று என்று வந்த வெங்கட் குனிந்தான். பழக்கதோசத்தில் விரல் விளக்கின் பக்கம் போனது. ஜெயமலர் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நோ நோ, பிளீஸ் டோன்ட் டச் த கிளாஸ்" என்றாள் ஸ்டெபனி. கையை நீட்டி அவன் மணிக்கட்டைக்கூடப் பிடித்துவிட்டாள்.

வெங்கட் சிரித்தான். "ஓ, சாரி, சாரி" என்று விரலை எடுத்து, பக்கத்திலிருந்த இரும்புச் சட்டத்தில் பொட்டை வைத்தான். வானம் இடிந்து விழவில்லை. சாமி கோபிக்கவில்லை. அம்புஜம் ஸ்டெபனியின் கன்னத்தைத் தட்டி, "விவரமான பொண்ணு" என்றார். பிறகு அவளுடைய நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

அந்தப் பெண் சொன்னது அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல்தான் ஜெயமலர் பதினைந்து வருடப் பராமரிப்பு வேலையை இந்த மேசைக்கடியில் போட்டுவிட்டு நிற்கிறாள். அவள் சொல்லியிருந்தாலும் வெங்கட் இப்படித்தான் சிரித்திருப்பானோ? அம்புஜம் தன் கன்னத்தையும் தட்டியிருப்பாரோ? மாட்டார் என்று மனம் அடித்துச் சொன்னது. தட்டியிருப்பாரோ என்று நினைக்கத்தான் தாங்கவில்லை. இரண்டில் எது உண்மையென்று இனி ஒருநாளும் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

பூசை முடிந்து வெங்கட்டும் தாயும் பொரித் தட்டோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். பெட்டி மேசைக்குக் கிட்ட வரும்போது அவன் தாயிடம் சொல்லிக்கொண்டு வந்தது ஜெயமலரின் காதில் விழுந்தது. மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல்தான் சொன்னான்.

"போன வருஷமும் இப்படி யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா, அவ்வளவு லேபிள் பாழாயிருக்காதும்மா."

பிறகு நிமிர்ந்து, "எடுத்துக்குங்க அக்கா" என்று தட்டை நீட்டினான். பெட்டி ஒட்டுகிற வேலைக்குக் கையுறை தேவையில்லை. ஜெயமலர் வெறுங்கையை நீட்டிப் பொரியை வாங்கிக்கொண்டாள்.